எண்ணெய்க் கம்பி சொன்ன பொய்

மாட்டு வண்டிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அச்சில் மை வற்றிப் போனால் அது வாய்விட்டுக் கத்தும். தெருக்கோடி திரும்புவதற்குள் 'கிறீச், கிறீச்' என்று ஊரைக் கூட்டிவிடும். வண்டிக்காரர் இறங்குவார்; மைக் குழாயை எடுப்பார்; இரண்டு விரல் மையை அச்சில் அப்புவார்; மறுபடி ஏறி உட்கார்ந்து, பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

மோட்டார் காருக்கு அந்தக் குணம் கிடையாது. எஞ்சினில் எண்ணெய் குறைந்தாலும் பேசாது, மிஞ்சினாலும் பேசாது. 'டக், டக்' என்று அது பேச ஆரம்பிக்கும்போது காரியம் கை மீறியிருக்கும். அப்புறம் பேசுவதெல்லாம் மெக்கானிக்கும் நம்முடைய பணப் பையுந்தான்.

ஊமைப் பிள்ளைக்குப் பசியா, அஜீரணமா என்று தாயார் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல, எஞ்சினின் வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஒரு கம்பி வைத்திருக்கிறார்கள். 'டிப் ஸ்டிக்' என்று புத்தகங்கள் சொல்லும். பட்டறைகளில் 'ஆயில் கேஜ்' என்பார்கள். இந்த வாரம் அந்தக் கம்பியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

"எங்களிடம் பழைய காரும் இல்லை, புதுக் காரும் இல்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் டிராக்டரிலும், கிணற்று மேட்டில் நிற்கும் டீசல் எஞ்சினிலும் இதே மாதிரிக் கம்பிதான் இருக்கிறது. தவிரவும், இது ஒரு கல்யாணக் கதை. கல்யாணக் கதையை யார் வேண்டாமென்பார்கள்?

புதுக்கோட்டை ஜில்லாவில் திருமயத்துக்கும் அரிமளத்துக்கும் இடையே ஒரு கிராமம். என் அக்காவை அங்கேதான் கொடுத்திருக்கிறது. அந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளின் ஷெட்டுகளில் இன்னமும் சில பழைய கார்கள் தூங்குவதைப் பார்க்கலாம். சென்னைக்கு அருகே வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஓரிடத்தில் இருக்கும். பம்பாயில் தயாரான பியட் இன்னோரிடத்தில் இருக்கும். அத்தான் வீட்டில் இருப்பது 1968-ஆம் வருஷத்து அம்பாஸிடர், மார்க் டூ. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் பிறந்தது. அந்தத் தொழிற்சாலை 2014-ஆம் வருஷம் மே மாதத்தோடு அம்பாஸிடர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. எனவே இப்போது கையில் இருக்கும் எஞ்சினைக் காப்பாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

அத்தானின் தகப்பனார் வாங்கிய கார் அது. அக்காவைப் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போனதும் அதே கார்தான். மூன்று வருஷங்களுக்கு முன் அக்காவின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. புதுக்கோட்டையில் மண்டபம். "தாத்தா காரில்தான் நான் போவேன்" என்று பெண் சொல்லிவிட்டாள். நகை கேட்கவில்லை, பட்டுப் புடவையில் குறை சொல்லவில்லை. கேட்டது இது ஒன்றுதான்.

ஆனால் காரின் நிலைமை? பின்னால் நீலப் புகை. அத்தான் தெருவில் போனால் கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று ஜனங்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். மேட்டில் ஏறும்போது எஞ்சின் கத்தும், வண்டி நகராது, கிளட்ச் வழுக்குகிறது. ஒரு பட்டறைக்காரர் வந்து பார்த்தார். கம்பியை உருவிப் பார்க்கக்கூட இல்லை. "ரிங் போயிட்டுது. எஞ்சினை இறக்கி ரீபோர் பண்ணணும்" என்று ஒரு தொகையைச் சொன்னார். அந்தத் தொகைக்கு இன்னொரு பழைய காரே வாங்கலாம்!

"இரும்பு விலைக்குப் போட்டுவிடலாமென்று பார்க்கிறேன், மாப்பிள்ளை" என்றார் அத்தான். சொன்ன குரலில் தகப்பனாரை இன்னொரு தடவை வழியனுப்புகிற வருத்தம் இருந்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு பெரியவர் ஞாபகம் வந்தது. பஸ் பட்டறையில் நாற்பது வருஷம் ஸ்பானர் பிடித்து ஓய்வு பெற்றவர். அழைத்து வந்தேன். அவர் காரின் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. முதலில் ஷெட்டின் தரையைப் பார்த்தார்.

"ஐயா, எண்ணெய் அளவு எங்கே நிறுத்திப் பார்க்கிறீங்க?"

"இங்கேதான், பெரியவரே. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் குறைச்சலாகத்தான் காட்டும். ஊற்றிவிடுவேன்."

"வீட்டிலே ஒரு தாம்பாளமும் கொஞ்சம் தண்ணியும் கிடைக்குமா?"

தாம்பாளமும் தண்ணீரும் என்றதும் அக்கா காருக்கு ஆரத்தி எடுக்கப் போகிறார்களாக்கும் என்று நினைத்து, மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்பும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டாள். அதனால் என்ன? பெரியவர் அந்த ஆரத்தித் தட்டைத்தான் ஷெட்டின் தரையில் வைத்தார். சிவப்புத் தண்ணீர் ஒரு பக்கம் விளிம்பு தட்டி வழிந்தது. மறுபக்கம் தட்டின் அடி தெரிந்தது.

இப்போது விளங்கியது. கார் கழுவின தண்ணீர் ஓடிப் போவதற்காக அந்தக் காலத்துக் கொத்தனார் ஷெட்டுத் தரைக்கு நல்ல வாட்டம் கொடுத்திருந்தார். தண்ணீருக்கு வாட்டமென்றால் எண்ணெய்க்கும் வாட்டந்தானே? கம்பி நிற்கிற பக்கம் மேடாகிவிட்டால், எண்ணெய் மறுபக்கம் சாய்ந்துகொள்ளும். கம்பி 'குறைச்சல்' என்று சொல்லும். அத்தானின் கம்பி வருஷக் கணக்காக அப்படித்தான் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

காரைப் பள்ளிக்கூடத்து மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். தாம்பாளத்தில் தண்ணீர் நாலு பக்கமும் ஒரே மட்டமாய் நின்ற இடத்தில் ராத்திரி முழுதும் நிறுத்தி வைத்தோம். காலையில் கம்பியை உருவினால், எண்ணெய் மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது!

பெரியவர் அதோடு விடவில்லை. எஞ்சினைச் சிறிது ஓட்டிச் சூடாக்கி, அடியில் உள்ள திருகைக் கழற்றி, எண்ணெயை முழுவதும் இறக்கி அளந்தார். புத்தகத்தில் போட்டிருந்த கணக்கைவிட ஒன்றரை லிட்டர் அதிகம்! கம்பி காட்டிய அதிகத்தைவிட இது இன்னும் அதிகம். பெரியவர் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இந்த எஞ்சினோட கம்பி இல்லீங்களே!" என்றார். அத்தான் யோசித்துப் பார்த்தார். எப்போதோ ஒரு சமயம் பழைய கம்பி உடைந்து போய், எந்த வண்டியின் கம்பியையோ போட்டது ஞாபகத்துக்கு வந்தது. அது நீளத்தில் கொஞ்சம் கட்டை. கட்டைக் கம்பி எண்ணெயை எட்டித் தொடாது. நிறைய எண்ணெய் இருந்தாலும் குறைச்சலாகவே காட்டும்.

ஆக, தரை ஒரு பொய், கம்பி ஒரு பொய். இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல எஞ்சினை இரும்புக் கடைக்கு அனுப்பப் பார்த்தன.

"எண்ணெய் அதிகமானால் நல்லதுதானே? குறைந்தால்தானே ஆபத்து?" என்று கேட்பீர்கள். அத்தானும் அப்படித்தான் கேட்டார். அமிர்தத்துக்கே அளவு உண்டென்று சொன்ன ஜனங்கள் நாம். எஞ்சின் விஷயத்தில் மட்டும் மறந்துவிடுகிறோம்.

எஞ்சினின் அடிவயிற்றில் ஒரு தொட்டி இருக்கிறது. பட்டறையில் அதை 'சேம்பர்' என்பார்கள். எண்ணெய் அங்கே தங்குகிறது. பம்ப் அதை உறிஞ்சி மேலே எல்லா இடத்துக்கும் அனுப்புகிறது. வேலை முடிந்து எண்ணெய் மறுபடி கீழே சொட்டுகிறது. தொட்டிக்குச் சற்று மேலே கிராங்க் என்னும் கனத்த தண்டு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழல்கிறது. எண்ணெய் அளவாக இருந்தால் கிராங்க் அதன் மேல்மட்டத்தைத் தொடாது. அதிகமானால்? மோர்ப் பானையில் மத்து என்ன செய்யுமோ அதையே கிராங்க் செய்யும். எண்ணெய் நுரைத்துவிடும். பம்ப் அந்த நுரையை உறிஞ்சி அனுப்பும். நுரையில் பாதி காற்று; காற்று பாரம் தாங்குமா? பேரிங்குகள் வறண்டு தேயும். எண்ணெய் குறைந்தால் என்ன கேடோ, கூடினாலும் முடிவில் அதே கேடுதான்.

அது மட்டுமல்ல. வாரி இறைக்கப்பட்ட எண்ணெய் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி மேலேறி எரியும். அதுதான் நீலப் புகை. பிளக்கும் கரி பிடித்துவிடும். அம்பாஸிடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் 1,489 சி.சி. கொள்ளளவு, இங்கிலாந்தில் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்தது. அதன் கிராங்க்குக்குப் பின் முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டிலேயே வெட்டியிருக்கும் திருகு மரைதான் எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளுகிறது. எண்ணெய் மிஞ்சினால் அந்த மரை பாவம், என்ன செய்யும்? எண்ணெய் பின்னால் கசிந்து கிளட்சை நனைக்கும். அத்தானின் கார் மேட்டில் வழுக்கிய ரகசியம் இதுதான்.

குறைந்தாலோ, கதை இன்னும் சுருக்கம். வளைவில் திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும்; பம்ப்பின் வாய் வெளியே தெரிந்து காற்றை உறிஞ்சும். தவிர, எண்ணெய் வெறும் வழுக்கலுக்கு மட்டும் இல்லை. உள்ளே இருக்கும் சூட்டைச் சுமந்து கீழே கொண்டுவருவதும் அதுதான். ஆறு ஆள் சுமக்கிற சுமையை நாலு ஆள் சுமந்தால் என்ன ஆகும்? சித்திரை வெயிலில் புதுக்கோட்டைச் சாலையில் கேட்கவே வேண்டாம்.

டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு இருக்கிறதே என்று நம்பியிருக்காதீர்கள். அது எண்ணெயின் அழுத்தத்தைச் சொல்வது, அளவைச் சொல்வதல்ல. டாக்டர் பார்க்கிற ரத்த அழுத்தம் வேறு, உடம்பில் ரத்தம் எவ்வளவு என்பது வேறு அல்லவா? வளைவில் அந்த விளக்கு ஒரு கணம் மினுங்கினால்கூட உடனே நிறுத்திக் கம்பியைப் பாருங்கள்.

கம்பியே இல்லாத கார்களும் உலகத்தில் இருந்தன. 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் லட்சக்கணக்கில் தயாரான போர்டு கம்பெனியின் 'மாடல் டி' காரில் எஞ்சினுக்குப் பின்னடியில் இரண்டு சின்னக் குழாய்கள், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கீழ்க் குழாயைத் திறந்தால் எண்ணெய் வர வேண்டும். மேல் குழாயைத் திறந்தால் வரக்கூடாது. வண்டிக்கடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். நமக்குக் கம்பி கிடைத்தது எவ்வளவு பெரிய பாக்கியம்!

சரி, கம்பியிடம் உண்மையை வரவழைப்பது எப்படி? பெரியவர் சொன்ன முறையைச் சொல்கிறேன்.

முதலில், மட்டமான தரை. சந்தேகமிருந்தால் தாம்பாளம் இருக்கவே இருக்கிறது. பெட்ரோல் பங்குகளின் தரையும் பெரும்பாலும் வாட்டமாகத்தான் இருக்கும். அங்கே பார்த்து ஊற்றச் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, பொறுமை. எஞ்சினை நிறுத்திய உடனே பார்த்தால், பாதி எண்ணெய் இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்கும். பத்து நிமிஷமாவது விடுங்கள். காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் பார்ப்பது எல்லாவற்றிலும் உத்தமம்.

மூன்றாவது, முதல் தடவை உருவியதை நம்பாதீர்கள். பழைய வேஷ்டித் துணியால் கம்பியைச் சுத்தமாகத் துடையுங்கள். நூல் உதிரும் பஞ்சு வேண்டாம். அந்த நூல் கம்பியோடு எஞ்சினுக்குள் போய்விடும். துடைத்த கம்பியை அடிவரை அழுத்திச் செருகி, மறுபடி உருவிப் படுக்கை வசத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறாகக் காட்டினால், குறைவாகக் காட்டும் பக்கமே சரி. மற்றப் பக்கம் குழாயின் சுவரில் உரசி ஈஷிக்கொண்டது. புது எண்ணெய் தேன் மாதிரி தெளிவாக இருப்பதால் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்தால் போதும். மேல் கோட்டைத் தொட்டே தீர வேண்டுமென்று விரதம் இல்லை. கீழ்க் கோட்டை நெருங்கினால் கால் லிட்டர் ஊற்றுங்கள், ஐந்து நிமிஷம் பொறுங்கள், மறுபடி பாருங்கள். ஊற்றுவது சுலபம், அதிகமாய் ஊற்றியதை எடுக்க வண்டிக்கடியில் படுக்க வேண்டும்.

இனி, கம்பியின்மேலேயே சந்தேகம் வந்தால்? பழைய கார்களில் கம்பியும் எஞ்சினும் இடையில் மாறியிருப்பது சகஜம். அப்போது கம்பியைப் பரீட்சை பண்ண வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, மட்டமான தரையில் எண்ணெயை அரை மணி நேரம் சொட்டவிட்டு இறக்குங்கள். பில்டரை மாற்றித் திருகை இறுக்குங்கள். கார் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் பில்டரையும் சேர்த்து எண்ணெய் மாற்றும்போது ஊற்ற வேண்டிய அளவு என்ன என்று பாருங்கள். முற்றும் உலர்ந்த எஞ்சினுக்கு வேறு கணக்கு இருக்கலாம், அது வேண்டாம். எவ்வளவு இறக்கினாலும் சந்து பொந்துகளில் கொஞ்சம் எண்ணெய் தங்கித்தான் இருக்கும்.

இங்கே ஒரு ஜாக்கிரதை. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் கணக்கு 'பைன்ட்' என்றிருக்கும். இங்கிலாந்து பைன்ட் 568 மில்லி லிட்டர். அமெரிக்கப் பைன்ட் 473 மில்லி லிட்டர்தான். எட்டுப் பைன்ட் என்றால் முன்னது நாலரை லிட்டரைத் தாண்டும். பின்னது நாலு லிட்டருக்கே கால் லிட்டர் குறைவு. மாரிஸ், ஆஸ்டின் காரர்கள் முதல் கணக்கையும், செவர்லே, பியூக் வைத்திருப்பவர்கள் இரண்டாவது கணக்கையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றுங்கள். எஞ்சினை இரண்டு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டால் பில்டர் நிரம்பும். நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்துக் கம்பியைச் செருகிப் பாருங்கள். எண்ணெய் எட்டிய இடத்தில் மெல்லிய அரத்தால் ஒரு கோடு. பிறகு மிச்ச அரை லிட்டரையும் ஊற்றி, இன்னும் பத்து நிமிஷம் கழித்துப் பார்த்து, மேலே இன்னொரு கோடு. அரத்தின் தூளைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுச் செருகுங்கள். அவ்வளவுதான், ஊரார் வீட்டுக் கம்பி உங்கள் வீட்டுக் கம்பியாகிவிட்டது. இனி அது இந்த இரண்டு கோடுகளுக்குள் நடந்துகொள்ளும்.

இன்னொரு விஷயம். நீங்கள் ஊற்றாமலே எண்ணெய் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். கம்பியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால், எஞ்சினோடு பொருத்திய பெட்ரோல் பம்ப்பின் ரப்பர்த் தோல் கிழிந்து, பெட்ரோல் உள்ளே ஒழுகுகிறது என்று அர்த்தம். இப்போது நம் நாட்டில் பெட்ரோலோடு நூற்றுக்கு இருபது பங்கு வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே இந்தச் சோதனை முன்னைவிட இப்போது அவசியம். எண்ணெய் பால் விட்ட காப்பி மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. இரண்டில் எதுவானாலும் எஞ்சினைக் கிளப்பாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

இறக்கிய பழைய எண்ணெயை என்ன செய்வது? கொல்லையில் ஊற்றாதீர்கள். ஊரணியும் கண்மாயுமாக மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்துப் பிழைக்கிற ஜில்லா இது. மூடியுள்ள டப்பாவில் பிடித்து, பழைய எண்ணெய் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

கல்யாணத்துக்கு வருகிறேன். அளவோடு எண்ணெய் ஊற்றினோம். நனைந்த கிளட்ச் பிளேட்டை மாற்ற வேண்டியிருந்தது. பிளக்குகளைச் சுத்தம் செய்தோம். செலவு அவ்வளவுதான். புகை உடனே நின்றுவிடவில்லை. நாளுக்கு நாள் குறைந்து, பத்தாம் நாள் பார்த்தால் ஜன்னல்கள் திறந்தே இருந்தன. அப்போதும் புகை நிற்காதிருந்தால், "ரிங்கைப் பாருங்க" என்று தாமே சொல்லியிருப்பேன் என்றார் பெரியவர். முதலில் செலவில்லாத வைத்தியம், பிறகு ஆபரேஷன் என்பது அவர் சித்தாந்தம்.

கல்யாணத்தன்று பெண் தாத்தாவின் காரில் ஏறி உட்கார்ந்தாள். திருமயம் கோட்டையைத் தாண்டி, நமணசமுத்திரம் வழியாக, ஒரு முணுமுணுப்பு இல்லாமல் புதுக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது வண்டி. புறப்படுவதற்கு முன் அக்கா ஆரத்தி எடுத்தாள். அதே தாம்பாளந்தான்.

அத்தான் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கம்பியைப் பார்க்கிறார். ஆனால் காரை ஷெட்டுக்கு வெளியே, மட்டமான இடத்தில் நிறுத்தித்தான் பார்க்கிறார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, ஓடின கிலோமீட்டர், ஊற்றின எண்ணெய் மூன்றையும் குறித்துக்கொள்கிறார். ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் குடிக்கிறதாம். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய எஞ்சினுக்கு அது ஒரு பெரிய சாப்பாடா, என்ன?

உங்கள் வீட்டு ஷெட்டிலும் ஒரு பழைய கார் தூங்கினால், நாளைக் காலையில் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். வீட்டில் யாராவது கேட்டால் ஆரத்தி என்று சொல்லிவிடுங்கள்!